கடுகண்ணாவையில் கண்ட பிறை

"கொம்பு ரெண்டும் எந்தப் பக்கம் பாக்குது, நானா?"

எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். பள்ளிவாசல் மௌலவி என்னிடம் இதைக் கேட்டபோது என் வாயில் பேரீச்சம்பழக் கொட்டை இருந்தது. அதைத் துப்பவும் தோன்றாமல், மேற்கே நீட்டிய விரலை மடக்கவும் தோன்றாமல் நின்றேன். எங்களுக்குப் பின்னால் கொழும்பு பஸ்கள் கியரை மாற்றி முனகிக்கொண்டு கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தன. முன்னால் மலை சட்டென்று முடிந்து, கீழே சமதரை நீலமாகக் கிடந்தது. ஆறேழு பேர் என் விரல் காட்டிய பக்கமெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

"பிறை! அந்தா பிறை!" என்று கத்தியவன் நான்தான்.

அது நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் அந்தி. எங்கள் வழக்கம் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. அன்று மாலை பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள். தென்படாவிட்டால் இன்னொரு நோன்பு பிடித்து, முப்பதைப் பூர்த்தி செய்துவிட்டு, அதற்கடுத்த நாள்தான் பெருநாள். நம்பத்தகுந்த இரண்டு பேர் "கண்டோம்" என்று சாட்சி சொல்லி, பள்ளிவாசலில் விசாரித்து, அங்கிருந்து கொழும்புக்குத் தகவல் போய் உறுதியானால், நாடு முழுக்கப் பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் அவிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் "கண்டேன்" என்கிறவனைப் பிடித்து இத்தனை கேள்வி கேட்பார்கள்.

மலைக்குள் கிடக்கும் ஊர்

கண்டியில் எல்லாம் இருக்கிறது, அடிவானம்தான் கிடையாது. எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு மலை குறுக்கே நிற்கும். தலைப்பிறை என்பதோ, சூரியன் இறங்கிய இடத்துக்குச் சற்று மேலே மயிரிழையாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானும் இறங்கிவிடுகிற சாமான். நகரத்துக்குள் நின்று அதைத் தேடுவது வீண்வேலை.

ஆகவே எங்கள் பள்ளிவாசலில் ஒரு சிறு கூட்டம், இருபத்தொன்பதாம் நாள் மாலை அஸர் தொழுததும், நோன்புக் கஞ்சியைப் போத்தல்களில் ஊற்றி, சமோசாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கடுகண்ணாவைக்குப் புறப்படும். அங்கே மேற்கு திறந்து கிடக்கும். நோன்பு திறப்பதும், பிறை பார்ப்பதும், அந்தித் தொழுகையான மஃரிப் தொழுவதும் அந்த வீதியோரத்திலேயே நடக்கும்.

இந்தக் கூட்டத்தின் சரித்திரத்தை எழுதினால் ஒரு தனிப் புத்தகம் தேறும். ஒரு வருடம் வெள்ளிக் கிரகத்தைப் பார்த்துவிட்டுப் பிறையென்று ஒருவர் துள்ளிக் குதித்தார். இன்னொரு வருடம், ஊரில் மிகவும் மதிக்கப்பட்ட ஒரு பெரிய மனிதர், போய்க்கொண்டிருந்த விமானத்தின் புகைக்கோட்டைப் பிறை என்று சாதித்தார். கோடு நீண்டுகொண்டே போன பிறகும் அவர் இறங்கி வரவில்லை. "பிறை வளருமில்லா" என்றார்.

எங்களை ஏற்றிப்போவது செல்வத்தின் வேன். செல்வம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, இப்போது டவுனில் வேன் ஓட்டுகிறவர். அவருக்கு நோன்பில்லை. ஆனாலும் நாங்கள் திறக்கும்வரை அவரும் ஒன்றும் வாயில் போடமாட்டார். "நீங்கள்லாம் பட்டினியா நிக்கிறப்ப நான் மட்டும் வடை திங்கிறது நல்லா இருக்காதுங்க" என்பார்.

நூல்கடைக் கண்

இந்தத் தொடரில் என் கண்களைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சம் அதிகமாகவே பீற்றியிருக்கிறேன். பொறுத்துக்கொண்ட வாசகர்கள் இன்னொரு தடவையும் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் தையல்காரர்களுக்கு நூலும் பொத்தானும் லேஸும் விற்கிறவன். பச்சை என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். எனக்கு அது போதாது. மாங்காய்ப் பச்சை, பாசிப் பச்சை, போத்தல் பச்சை, பச்சையா நீலமா என்று புருஷனும் பெண்சாதியும் சண்டை பிடிக்கிற பச்சை என்று என் அலுமாரியில் ஒரு தட்டு முழுக்கப் பச்சை இருக்கிறது. துணித்துண்டை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்காமலே, கடையின் மங்கல் வெளிச்சத்தில் சரியான நூலை எடுத்துக் கொடுப்பேன். மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு.

இந்தக் கண்ணுக்காகத்தான் என்னைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிப்போவார்கள். முன்பும் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன் நான் பிறையைக் கண்டு காட்டியிருக்கிறேன். "ஹனீபா நானா கண்டா கண்டதுதான்" என்று ஒரு பேச்சு எங்கள் தெருவில் உண்டு. அதைக் கேட்டும் கேட்காதது மாதிரி நடந்துபோவதில் எனக்கு ஒரு சுகம்.

பஸ்லியின் அவசரம்

பஸ்லி என் மனைவியின் தம்பி. அம்பிட்டியவில் வீடு, டவுனில் டயர் கடை. சத்தமில்லாமல் ஒரு காரியமும் செய்யத் தெரியாதவன். தேநீர் குடித்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

அந்த வருடம் அவன் பிறைக்காகத் துடித்ததற்குக் காரணம் இருந்தது. அவனுடைய ஒரே மகள் ஸஹ்ரா, கத்தாரில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. பல வருடங்களுக்குப் பிறகு நோன்புக் காலத்தில் லீவு கிடைத்து வந்திருந்தாள். மறுநாள் இரவு அவள் புறப்பட வேண்டும், விடியப்புறம் விமானம். அதை மாற்ற எத்தனையோ பேரைக் கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை.

அங்கே எங்களுக்கு ஒரு நாள் முன்னால் நோன்பு தொடங்கியிருந்ததால், அவர்களுக்கு அன்றோடு முப்பது பூர்த்தி, நாளைக்குப் பெருநாள். இங்கே இன்று பிறை கண்டால் நமக்கும் நாளைக்கே. ஸஹ்ரா புது உடுப்பு உடுத்து, எல்லோரோடும் பகல் சோறு தின்றுவிட்டுப் போவாள். காணாவிட்டால், இங்கே பெருநாள் விடியும்போது அவள் இருக்கமாட்டாள். அங்கே போய் இறங்கும்போது அந்த ஊர்ப் பெருநாளும் முடிந்திருக்கும். இரண்டு நாட்டிலும் பெருநாள் இல்லாமல் நடுவில் விழுந்துவிடுவாள்.

வேனில் ஏறியதிலிருந்து பஸ்லி இதையே சொல்லிக்கொண்டு வந்தான். (எங்கள் பேச்சில் 'ஈக்கிறேன்' என்றால் இருக்கிறேன், 'செல்றேன்' என்றால் சொல்கிறேன்.) "மச்சான், ஒங்கட கண்ண நம்பித்தான் ஈக்கிறேன். இண்டைக்கி காட்டித்தந்திடுங்க." பிறை ஏதோ என் அலுமாரித் தட்டில் இருப்பது போலத்தான் கேட்டான். எனக்கும் அந்தப் பிள்ளை என்றால் உயிர். எங்களுக்குப் பெண் பிள்ளை இல்லை; எங்கள் வீட்டில் ஓடி விளையாடி வளர்ந்தவள் அவள்தான்.

அன்று எனக்கு உடம்பு சரியாகவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழும்பவில்லை, அயர்ந்து தூங்கிவிட்டேன். முந்தின இரவு குடித்த தேநீர்தான் கடைசி. தேநீர் இல்லாவிட்டால் நான் பாதி மனிதன் என்று என் மனைவி சொல்வாள். அதோடு, போய்ச் சேர்ந்ததிலிருந்து இறங்கும் சூரியனையே கண் கூசக் கூசப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளிச்சம்

முதலில் ஒரு குறை தெரிந்தது.

நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, சமதரைக்கு அப்பால் தட்டையாக நிற்கும் ஒரு பெரிய பாறையின் உச்சியைப் பார்த்தேன். உச்சியில் ஒரு துண்டு இல்லை. கறுப்பாக மறையவில்லை, புகை மூடவில்லை, அந்த இடம் வெறுமனே இல்லை. அது எப்படி என்று இன்றுவரை என்னால் ஒருவருக்கும் விளக்க முடியவில்லை.

கண்ணைச் சிமிட்டினேன். இல்லாத இடத்தின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் பிறந்தது. மெல்லிய வளைவு. வெள்ளி நிறம். மேகத்துக்குக் கீழே, சூரியன் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில், பிறை நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றது. அப்போதுதான் கத்தினேன்.

"எங்க? எங்க மச்சான்?" என்று பஸ்லி என் தோளைப் பிடித்து உலுக்கினான். என் கன்னத்தோடு கன்னம் வைத்து விரலின் நேரே பார்த்தான். பிறகு அவனும் கத்தினான்.

"கண்டேன்! மேகத்துக்குக் கீழ! மௌலவி, நானும் கண்டேன்! அல்லாஹு அக்பர்!"

இரண்டு சாட்சி. கூட்டம் கலகலத்தது. செல்வம் கூட வேனிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பஸ்லி போனை எடுத்தான். "ஸஹ்ராவுக்குச் செல்றேன். அந்தப் பிள்ளைக்கி மொதல்ல செல்லோணும்." அவன் கண்ணில் தண்ணீர்.

மௌலவி இளைஞர், மெதுவாகப் பேசுகிறவர். பஸ்லியின் போன் மேல் உள்ளங்கையை வைத்தார். "ஒரு நிமிஷம் பொறுங்க" என்றுவிட்டு என்னிடம் திரும்பிக் கேட்கத் தொடங்கினார். சூரியன் இறங்கின இடத்துக்கு வலமா, இடமா? எவ்வளவு உயரம்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கொம்பு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"வலப்பக்கம்" என்றேன்.

மௌலவியின் நெற்றி சுருங்கியது. "எங்கட நாட்டுல தலைப்பிறை மல்லாந்து, கொம்பு மேல பாத்தில்லா ஈக்கும்?"

அவருக்குப் பதில் சொல்ல முகத்தைத் திருப்பினேன். பிறையும் திரும்பியது. வானத்தை விட்டு இறங்கி வந்து மௌலவியின் வெள்ளை ஜுப்பாவின் மேல், சரியாக நெஞ்சில் நின்று மினுங்கியது. செல்வத்தைப் பார்த்தேன், அவர் சட்டையில் நின்றது. இறங்கிப்போகும் பஸ்ஸைப் பார்த்தேன், பஸ்ஸோடு ஓடியது.

"கண்ண ஒருக்கா மூடுங்க நானா" என்றார் மௌலவி. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

மூடினேன். அது போகவில்லை.

மூடிய கண்ணுக்குள்

அந்தச் சில நிமிடங்களை எழுதுவதற்காகத்தான் இந்த அத்தியாயத்தையே எடுத்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை சும்மா நிற்கிறது.

இமைக்குள் இருட்டு. அந்த இருட்டில் பிறை வளர்ந்துகொண்டிருந்தது. மயிரிழையாக இருந்தது விரல் தடிப்புக்கு வந்தது. வளைவின் ஓரம் நேராக இல்லை. நான் கடையில் யார் யாருக்கோ கெஜக்கணக்கில் அளந்து கொடுக்கும் நெளிவு லேஸ் போல, மேலும் கீழும் கூர்கூராக மடிந்து மடிந்து போனது. ஒவ்வொரு கூரும் உயிரோடு துடித்தது. அடுப்பில் கொதிக்கிற பாலின் மேற்பரப்பு நிற்காமல் அசையுமே, அப்படி ஓர் அசைவு. துடிக்கத் துடிக்க அது அகன்று, உள்ளே இருந்த வெற்றிடத்தையும் இழுத்துக்கொண்டு ஓரம் நோக்கி நகர்ந்தது.

நிறங்களைச் சொல்ல வேண்டும். வெள்ளியின் விளிம்பில் ஒரு நீலம், அதற்குள் ஒரு மஞ்சள், இரண்டும் தொடுகிற இடத்தில் ஒரு சிவப்பு. நிறம் விற்றுச் சோறு தின்றவன் நான். அந்த நீலம் என் அலுமாரியில் இல்லை. எந்த அலுமாரியிலும் இல்லை. துணியில் விழுந்த நிறத்தைத்தான் இத்தனை காலமும் பார்த்திருக்கிறேன். துணியே இல்லாமல் நிறம் மட்டும் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

பயம் இல்லாமல் இல்லை. கண் போகிறது, கடை போகிறது, நாளை முதல் யாராவது கையைப் பிடித்து நடத்த வேண்டும் என்றெல்லாம் ஒரு பக்கம் ஓடியது. மறுபக்கம், அதை விட்டுக் கண்ணைத் திறக்க மனமே வரவில்லை. என்னையறியாமல் "சுப்ஹானல்லாஹ்" என்று வாய் சொல்லிவிட்டது. வானத்தில் இல்லாத ஒன்று, எனக்குள்ளேயே, இவ்வளவு அழகாக! அத்தனை வயதுவரை என் தலைக்குள் இருப்பது கணக்கும் கவலையும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"மச்சான், செல்லுங்க. கொம்பு மேலதானே பாக்குது?" பஸ்லியின் குரல் காதோரம் கெஞ்சியது. "மேல எண்டு செல்லுங்க, மச்சான்."

கண்ணைத் திறந்தேன். போன் இன்னும் அவன் கையில் இருந்தது. திரையில் மகளின் படம்.

"மௌலவி, என்ட சாட்சிய எடுக்காதீங்க" என்றேன். "அது வானத்துல இல்ல. என்ட கண்ணுக்குள்ள ஈக்கி. மூடினாலும் தெரியிது."

மௌலவி என் கையைப் பிடித்துக் வேனில் கொண்டுவந்திருந்த கதிரை ஒன்றில் உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு பஸ்லியிடம் தணிந்த குரலில் கேட்டார்: "நீங்க இன்னும் காணுறீங்களா?"

பஸ்லி மேற்கைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். மேகம் கீழிறங்கிப் பாறையையும் மூடிவிட்டிருந்தது.

"இல்ல" என்றான். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேனில் போய் ஏறினான்.

இருட்டறை

வெளிச்சம் ஓரத்துக்குப் போய் மறைந்ததும் தலைவலி வந்தது. அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேராதனைக்குக் கிட்ட செல்வத்தை நிறுத்தச் சொல்லி, திறந்த நோன்பை வீதியோரத்தில் வாந்தியெடுத்தேன். செல்வம்தான் முதுகைத் தடவிவிட்டார். பஸ்லி முன் சீட்டில் இருந்து திரும்பவேயில்லை.

நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, முப்பதைப் பூர்த்தி செய்யுங்கள் என்று அறிவிப்பு வந்துவிட்டது. நான் ஜன்னலை மூடி, நெற்றியில் ஈரத்துணியோடு கிடந்தேன். மனைவி, சாகக் கிடப்பவர்களுக்கு ஓதும் யாசீனை ஓதிக்கொண்டிருந்தாள். எனக்கு யாசீன் ஓதுகிற அளவுக்கு ஆகிவிட்டதா என்று கேட்கத் தெம்பில்லை.

ஸஹ்ரா வந்தாள். சிரிக்கச் சொன்னாள், இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள், எங்கள் வீட்டு விலாசத்தைச் சொல்லச் சொன்னாள். பக்கவாதமா என்று என்னைப் பரீட்சித்து முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மாமா, இது மைக்ரேன் மாதிரித்தான் தெரியிது. தலவலிக்கி முந்தி சில பேருக்கு இப்பிடி வெளிச்சம் வரும். மூளையில நடக்குற வேல, கண்ணுல ஒண்டுமில்ல. ஆனா இந்த வயசுல மொதத் தடவ வந்தீக்கி. நாளைக்கிக் காலைல டாக்டர்கிட்டக் காட்டியே ஆகோணும்."

காட்டினேன், டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு அதையேதான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அது என் காதில் பாதிதான் ஏறியது.

"ஒன்ட பெருநாள நான் பறிச்சிட்டேன் மகள்" என்றேன். அழுகை வந்துவிட்டது. "பேசாம ஈந்திருக்கலாம். ஒன்ட வாப்பாவும் கண்டேன் எண்டு செல்லிட்டான்."

"பொய்ப் பிறையில பெருநாள் கொண்டாடி நான் என்ன செய்ய?" என்று அவள் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்பிடி ஈந்திச்சு மாமா? எனக்கு முழுசாச் செல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பாறையின் உச்சி காணாமல் போனதிலிருந்து, அந்த நீலம்வரை. சின்னப் பிள்ளையாக என் கடையில் நூற்பந்துகளை அடுக்கி விளையாடியபோது இருந்த அதே முகத்தோடு, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் எத்தன நோயாளியப் பாத்தீக்கிறேன், ஒருத்தரும் இப்பிடிச் செல்லல்ல" என்றாள். தலை பிளந்துகொண்டிருந்தபோதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

முப்பதாம் நோன்பு

மறுநாள் நோன்பு திறக்க அம்பிட்டியவில் பஸ்லி வீட்டுக்குப் போனோம். போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

முப்பது பூர்த்தியானால் பிறையைத் தேட வேண்டியதில்லை. பாங்கு சொல்லி, மஃரிப் தொழுததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் 'அல்லாஹு அக்பர்' என்னும் பெருநாள் தக்பீர் தொடங்கியது. அந்தி சாய்ந்தால் எங்களுக்கு மறுநாள் பிறந்துவிட்டது என்று கணக்கு. பெருநாள் வந்துவிட்டது, பகல்தான் வரவில்லை. ஸஹ்ரா உள்ளே போய்ப் புதுச் சல்வாரை உடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய தாய் வட்டிலப்பத்தை வெட்டி வைத்தாள். எல்லோரும் ஈத் முபாரக் சொல்லிக்கொண்டோம். பஸ்லியும் நானும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

செல்வத்தின் வேன் வாசலுக்கு வந்தது. தாயும் ஒரு சொந்தக்காரரும் விமான நிலையம்வரை போவதாக ஏற்பாடு. பஸ்லி போகவில்லை, அந்த இடத்தில் மகளை விட்டுவிட்டுத் திரும்பத் தன்னால் ஏலாது என்றுவிட்டான். அவள் தகப்பனைக் கட்டிப் பிடித்தாள், என் கையை முத்தமிட்டாள், ஏறினாள். தக்பீர் ஒலித்துக்கொண்டிருக்க வேன் அம்பிட்டியச் சரிவில் இறங்கி வளைவில் மறைந்தது.

பெண்கள் உள்ளே போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாசல் கேற்றடியில் நின்றோம். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மச்சான்" என்றான் அவன். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "நேத்து நீங்க கண்டது... அது நல்ல வெளிச்சமா ஈந்திச்சா?"

"சரியான வெளிச்சம்" என்றேன். "அப்பிடி ஒண்ட நான் கண்டதே இல்ல."

வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

"நான் பொய் செல்லல்ல மச்சான். நானும் கண்டேன். நல்ல வெளிச்சமாத்தான் ஈந்திச்சு."